மூலையில் ஓர் எல்லைக்கல்

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் 'அசையாதே' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால். கேமரா ரிப்பேர் செய்கிறவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒரே ஒரு தடவை அவர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். "அசையாதே" என்பார். அசையாமல் இருப்போம். "அசையாதேன்னு சொன்னேன்ல" என்பார். "அசையலையே" என்று சொல்ல வாயைத் திறப்போம். போச்சு, அசைந்துவிட்டோம். மறுபடி முதலிலிருந்து.

எல்லாம் அவர் பிடித்துத் தொங்கும் ஃபிலிமால் வந்த வினை. சாதாரணக் கருப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். மாமாவுக்கு அந்த மணலே ஆகாது. அவர் வாங்குவது, ஆவணங்களைப் படியெடுப்பதற்கென்றே செய்கிற ஃபிலிம். ஒரு செய்தித்தாளின் முழுப் பக்கத்தைத் தபால்தலை அளவுக்குள் அடக்கிவிட்டு, அதில் வாடகைக்கு வீடு தேடுகிறவன் கொடுத்த வரி விளம்பரத்தைக்கூடப் படித்துக் காட்டுவார். ஆனால் அந்த ஃபிலிம் மகா சோம்பேறி. கொஞ்சம் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளவே அதற்கு யுகம் வேண்டும். அதுவரை உலகம் நின்று காத்திருக்க வேண்டும்.

உலகம் நிற்குமா? அதனால் மாமா நிற்கிற பொருளாகப் பார்த்து எடுப்பார். எதிர்வீட்டுச் செங்கல் சுவர். காலண்டர் தாள். மாத்திரை அட்டையின் பின்பக்கம். தெருவை எடுத்தால் அதில் ஒரு ஜீவன் இருக்காது. நடந்துபோன ஜனங்கள் ஃபிலிமில் ஒட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். இத்தனை வருஷத்தில் அக்கா அவர் எடுத்த ஒரே ஒரு படத்தில்தான் இருக்கிறாள், அதுவும் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு. கொடியில் மாட்டிய கிளிப்பின் ஸ்பிரிங் எத்தனை சுற்று என்று எண்ணலாம். அக்கா நின்ற இடத்தில் மட்டும் லேசாகப் புகை.

"இது நானாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"நீதான். அசைஞ்சுட்டே."

"அசையாம எப்படிங்க துணி காயப்போடறது?"

"அத விடு. அந்தக் கிளிப்பப் பாரு! என்னா ஷார்ப்பு!"

அக்கா அந்தப் படத்தைக் கிளிப்போடு சேர்த்து அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டாள்.

நான் அவர்களோடுதான் தங்கியிருக்கிறேன். வேதியியலில் பட்டம் வாங்கியவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் என்னுடையதுதான், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஷிஃப்ட். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் மாமா பிடித்துக்கொள்வார். "மாப்ளே, படிச்சவன் வந்துட்டான், இதக் கொஞ்சம் கரைச்சுக் குடு" என்று பொட்டலங்களை நீட்டுவார். நான் வாங்கிய பட்டம் அந்த வீட்டில் ஃபிலிம் கழுவத்தான் பயன்பட்டது.

வீடு ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டு அறையும் ஒரு சமையலறையும். முன்னறையில் அக்காவின் தையல் மிஷின். உள்ளறை மாமாவுடையது. குளியலறையை ஆளுக்காள் தன்னுடையது என்று சொல்வார்கள். அங்கேதான் அவர் ஃபிலிம் கழுவுவார். ஜன்னலில் கருப்பு அட்டை, கதவிடுக்கில் பழந்துணி, குழாயில் காய்கிற நெகட்டிவ், குளிக்கிற வாளியில் மிதக்கும் தெர்மாமீட்டர். அதை எடுத்துவிட்டுக் குளித்தாள் என்று அக்காவோடு மூன்று நாள் பேசாமல் இருந்த மனுஷன் அவர். அதற்குப் பதிலாக அக்கா ஆறு மாதம் பேசாமல் இருந்த கதை ஒன்று உண்டு. அவளுடைய துணி வெட்டும் கத்தரியில் அவர் ஃபிலிம் வெட்டிவிட்டார். கனமான இரும்புக் கத்தரி. அதில் காகிதம்கூட வெட்ட விடமாட்டாள். காகிதம் பட்டால் முனை மழுங்கிவிடும், மழுங்கினால் துணி சவ்வுபோல இழுக்கும் என்பாள். "என் கேமராவ எடுத்து நீ ஆணி அடிச்சா நான் சும்மா இருப்பேனா?" என்று அவர்தான் கடைசியில் நியாயம் பேசி இறங்கி வந்தார். அன்றிலிருந்து கத்தரி மிஷின் டிராயருக்குள்.

இந்த நிலைமையில்தான் நில அளவை அலுவலகத்தில் ஒரு படப்பிடிப்பாளர் தேவை என்று தெரிந்தது. பழைய வரைபடங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்துவிட்டார்கள். முடித்த பிறகு யாருக்கோ பயம் வந்திருக்கிறது. கம்ப்யூட்டர்தான் வருஷத்துக்கு ஒரு வேஷம் போடுகிறதே, நாளைக்கு இதை எதில் திறப்பது? அதனால் ஃபிலிமிலும் ஒரு பிரதி எடுத்துக் குளிரறையில் பூட்டிவைப்பது என்று முடிவு. நிரந்தர வேலை. வருகிறவர்களுக்கு ஒரு சோதனை. போர்வை அளவு வரைபடத் தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். அதை ஃபிலிமின் ஒரே ஒரு சட்டத்துக்குள் எடுத்து, வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் நெகட்டிவைக் கொண்டுவர வேண்டும். தாளில் இருக்கிற ஆகச்சிறிய எழுத்து, அதாவது எல்லைக்கல் எண், பூதக்கண்ணாடியில் படிக்கத் தெரிய வேண்டும். மேட்டு நிலங்களுக்குப் பூசியிருக்கிற இளம்பழுப்பும் மறையக் கூடாது.

மாமா அந்த அறிவிப்பையே பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தார். அவர் வேலை பார்க்கிற ரிப்பேர் கடையில் அவரைக் கிறுக்கன் என்று சொல்லாத ஆள் இல்லை. இவ்வளவு நுணுக்கம் யாருக்கையா வேண்டும் என்பார் முதலாளி. இப்போது ஓர் அலுவலகமே அச்சடித்த தாளில் அதைக் கேட்கிறது. மறுநாள் மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு போய்த் தாளை வாங்கி வந்தார்.

"அங்க தனி டார்க்ரூம் இருக்காம்" என்றார் சாப்பிடும்போது.

அக்காவின் கை நின்றது. "தனின்னா? கதவோடயா?"

"கதவோட."

"ஃபிலிம் கழுவறது, காயப்போடறது எல்லாம் அங்கயேவா?"

"பின்ன, டார்க்ரூம்ல கோழியா வளர்ப்பாங்க?"

அக்கா திரும்பிக் குளியலறைக் கதவை ஒரு பார்வை பார்த்தாள். பிரிந்துபோன சொந்தம் ஊருக்குத் திரும்புவதாகத் தந்தி வந்தால் அப்படித்தான் பார்ப்பார்கள். "தம்பி, இந்த வேலை உங்க மாமாவுக்குக் கெடைச்சே ஆகணும்" என்றாள் என்னிடம். "இனிமே அவரு எது கேட்டாலும் நீ ஏன் எதுக்குன்னு கேக்காதே."

அதை அவள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டாம், தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

முதல் சுருள், கேமராவுக்குள் போகும் முன்பே செத்தது. அந்த ஃபிலிமை வெளிச்சத்தில் மாட்ட முடியாது. "இதோட பட்டை கண்ணாடிக் குழாய் மாதிரி மாப்ளே. வெளியில தொங்கற வால்ல வெளிச்சம் பட்டாப் போதும், பட்டைக்குள்ளயே ஊர்ந்து வயித்துக்குள்ள போயிடும்" என்பார். அதனால் பட்டப்பகலில், வேர்த்து விறுவிறுக்க, கட்டிலில் குப்புறக் கவிழ்ந்து தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு அதற்குள் மாட்டுவார். கம்பளி ஏறி இறங்குவதைப் பார்த்தால் காய்ச்சல்காரர் என்றுதான் நினைக்கத் தோன்றும். அக்கா வந்து கம்பளியைத் தூக்கி, "சாப்பிட வரீங்களா?" என்று கேட்டாள்.

உள்ளேயிருந்து வந்த சத்தத்துக்குக் கீழே பேக்கரிக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார்.

இரண்டாவது சுருள் மாட்டி, எடுத்து, கடையில் வாங்கிய டெவலப்பர் கரைசலில் கழுவினோம். வந்தது. நெகட்டிவ் ஆயிற்றே, எழுத்தெல்லாம் வெள்ளைவெளேர், தாள் கன்னங்கரேல். இளம்பழுப்பு மேடுகள் எங்கே? அடியோடு காணோம். மலைப் பிரதேசம் முழுக்கச் சமவெளியாகிவிட்டது. அந்த ஃபிலிமின் குணம் அப்படி. ஒன்று கருப்பு, இல்லை வெள்ளை. நடுவில் நிற்கவே தெரியாது. அதை நிற்க வைக்க வேண்டுமென்றால் டெவலப்பர் சாதுவாக இருக்க வேண்டும், மெல்ல மெல்லக் கருப்பை எழுப்ப வேண்டும். அங்கேதான் என் பட்டம் உள்ளே வந்தது. பொடிகளை நிறுத்து, வடிநீரில் கரைத்து, வீரியத்தைக் குறைத்துக் குறைத்து நாங்களே கலக்கினோம். அது பொல்லாத கலவை, வைத்தால் கெட்டுவிடும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலக்கி, ஒரு சுருள் கழுவியதும் கொட்டிவிட வேண்டும்.

"அரிசிக்கு அளக்கறதக் காட்டிலும் பாத்துப் பாத்து அளந்தீங்களே, கீழ ஊத்தறதுக்கா?" என்றாள் அக்கா.

"வேலை முடிஞ்சதும் ஊத்தித்தான் ஆகணும்க்கா. அதான் கெமிஸ்ட்ரி."

"நல்லாப் படிச்சே போ."

ஆனால் மேடுகள் திரும்பி வந்துவிட்டன. நெகட்டிவில் இளம்பழுப்பு மெல்லிய சாம்பலாகத் தெளிவாக உட்கார்ந்திருந்தது. நான் சந்தோஷத்தில் கை தட்டினேன். மாமா பூதக்கண்ணாடியை வைத்தார். அவர் முகம் கோணியது.

"ஆட்டம்" என்றார்.

பார்த்தேன். பெரிய எழுத்தெல்லாம் சரி. எல்லைக்கல் எண்கள் மட்டும் ஒவ்வொன்றும் தன் நிழலோடு ஒட்டிப் பிறந்தவைபோல இரட்டையாக இருந்தன. எட்டா, மூன்றா, பூஜ்யமா என்று சத்தியம் செய்ய முடியாது. கேமரா எங்கேயோ மயிரிழை ஆடியிருக்கிறது.

மாமா மெல்லத் தலையைத் திருப்பி முன்னறையைப் பார்த்தார். தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

நியாயமாகச் சொன்னால் குற்றம் மிஷின் மேல்தான் இருந்தது. அது ஓடினால் கேமரா முக்காலியின் காலில் கை வைத்தாலே தெரியும். ராத்திரி எடுக்கலாமே என்றேன். ராத்திரியானால் கீழே பேக்கரியில் மாவு பிசைகிற யந்திரம் ஓட ஆரம்பித்து விடிகிறவரை கட்டிடத்தையே பிசையும். பகல்தான் கதி. பகலில் அக்கா. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை முழுக்க அவளிடம்தான் குவிந்து கிடந்தது.

"கொஞ்ச நேரம் நிறுத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"நான் சுவத்துல தட்டினா நிறுத்து. மறுபடி தட்டினா ஓட்டு."

"ரயில்வே கேட்டா இது? சரி, தட்டுங்க."

அவ்வளவு சீக்கிரம் அவள் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் அந்தக் கதவு வைத்த டார்க்ரூம்தான். டொக் டொக் என்று தட்டினார். மிஷின் நின்றது. அரை நிமிஷம் வீடே மூச்சைப் பிடித்தது. டொக் டொக். மிஷின் ஓடியது. கழுவிப் பார்த்தோம். ஆட்டம் பாதியாகக் குறைந்திருந்தது, போகவில்லை. தரை வழியாகத்தான் வருகிறது என்று முடிவுகட்டி, மாமா முக்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சமையலறைப் பக்கச் சுவரில் துளை போட்டு இரும்புத் தாங்கி ஒன்றை முறுக்கி, அதில் கேமராவை இறுக்கினார். எதிர்ச்சுவரில் வரைபடம். தொங்கிப் பார்த்தார். மலைபோல நின்றது. எடுத்தோம், கழுவினோம்.

ஆட்டம். முன்னைவிட அதிகம்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் எழுதினால் நம்பமாட்டார்கள். மிஷின் நின்றால் மட்டும் போதாது, தையல்காரியே அசையக் கூடாது என்றார். அக்கா ஸ்டூலில் சிலைபோல உட்கார்ந்தாள். என் மூச்சு கனமாக இருக்கிறது என்றார். நான் வாசலுக்குப் போனேன். பிறகு மாடிவீட்டு அம்மாள்தான் காரணம் என்று அங்கே ஏறிப்போனார். வேண்டாம் மாமா என்று பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, நீங்க கொஞ்சம் நடக்காம இருக்கணும்" என்றார், எடுத்த எடுப்பில்.

அந்த அம்மாள் முழங்கால் வலிக்காரி. "டாக்டரு நடக்கச் சொல்லிருக்காரே."

"நடங்க, நடங்க. நான் கீழ இருந்து தட்டும்போது மட்டும் நில்லுங்க."

"நின்னா கால் வலிக்குமே."

"அப்ப உக்காருங்க."

"உக்காந்தா எந்திரிக்க முடியாதே, உங்க பொண்டாட்டிய அனுப்புவீங்களா தூக்கிவிட?"

மாமா கொஞ்சம்கூட யோசிக்காமல் அனுப்புகிறேன் என்றார். அக்கா மாடிக்கும் வீட்டுக்கும் ஏறி இறங்கினாள். மாடி அம்மாள் உட்கார்ந்தாள், எழுந்தாள். சீருடைகள் கையில்லாமல், காலரில்லாமல் நாற்காலி மேல் ஏறிக்கொண்டே போயின. நெகட்டிவில் ஆட்டம் அப்படியே இருந்தது. நான் காகிதத்தில் அதிர்வுக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கணக்குப்படி படம் பளிச்சென்று இருக்க வேண்டும். அதைச் சொன்னேன். "உன் கணக்கையே ஃபிரேம் போட்டுக் குடுத்துரலாமா மாப்ளே?" என்றார் மாமா.

வியாழக்கிழமை மத்தியானம் அக்காவுக்குப் பொறுமை போயிற்று. மாமா தட்டினார். அவள் மிஷினை விட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். "நான் மிஷின்லயே இல்லை, போதுமா? இப்ப எடுங்க உங்க படத்த!" என்று அங்கிருந்து கத்தினாள். கையில் குண்டூசித் தட்டு இருந்தது. அதை ஃபிரிட்ஜ் மேல் டொக்கென்று வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

வீடு நிசப்தம்.

"என்னங்க" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "இங்க வாங்க."

போனோம். குண்டூசிகள் தட்டில் நடனமாடிக்கொண்டிருந்தன. ஊசி மேல் ஊசி உரசி, காதருகே கொசு பாடுவதுபோல மெல்லிசாக ஒரு சத்தம். அந்த ஃபிரிட்ஜ் முதுகு சாய்த்திருந்த சுவரின் மறுபக்கம்தான் மாமாவின் இரும்புத் தாங்கி.

மாமா ஃபிரிட்ஜைத் தொட்டார். சுவரைத் தொட்டார். மறுபடி ஃபிரிட்ஜைத் தொட்டார். நாடி பார்க்கிற டாக்டர்போல முகத்தை வைத்துக்கொண்டு, "இருக்காது" என்றார்.

"யாருக்காக வாங்கின ஃபிரிட்ஜ் இது?" என்றாள் அக்கா.

எல்லோருக்கும் தெரியும். காய்கறிக்கு ஒரு தட்டு, மீதி முழுக்க ஃபிலிம் டப்பா. குளிர்ச்சியில் வைத்தால்தான் ஃபிலிம் கெடாது என்று அடம்பிடித்து வாங்கியது.

"என் மிஷின நிறுத்தினீங்க. என்னைச் சிலையாக்கினீங்க. மாடில அந்தம்மாவ எத்தனை தடவை தூக்கிவிட்டேன், என் முதுகு போச்சு. கடைசில ஆட்டினது யாரு? உங்க ஃபிலிமு! அதுக்குக் குளுரெடுத்து நடுங்கிட்டு இருந்திருக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. இருவரும் ஒன்றாகத் திரும்பி முறைத்தார்கள்.

ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினோம். மாமா கம்பளிக்குள் போனார். இந்தத் தடவை யாரும் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை. எடுத்தார். நான் கலக்கினேன். குளியலறை இருட்டில், ஃபிலிம் கழுவும் டப்பாவை அவர் மெதுவாகக் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதும் எனக்குக் கேட்டது. கழுவி வெளியே எடுத்துக் குழாயில் தொங்கவிட்டு, சொட்டுகிற தண்ணீரோடேயே பூதக்கண்ணாடியை வைத்தார்.

பிறகு கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என்ன சொல்வது! கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடம். அதற்குள் ஓடைகள், வரப்புகள், பென்சிலால் போட்ட கோடுகள், சாம்பல் நிறத்தில் மேடுகள், ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு வட்டம். எல்லைக்கல் எண்கள் எறும்பு வரிசைபோல, ஒவ்வொரு எறும்புக்கும் கால் தெரிகிற மாதிரி. அதுவரை அவரை எத்தனை தடவை திட்டியிருப்பேன் மனசுக்குள். அந்தச் சில நிமிஷம் அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

வாபஸ் வாங்கியது அவசரம் என்று மறுநாள் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அக்கா வெளியே கிளம்புகிற உடையில் நின்றுகொண்டிருந்தாள். மாமா பனியனோடு இரும்புத் தாங்கியில் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, இன்னும் குடுக்கலையா?"

"கீழ் மூலையில ஒரு கல்லு. கடைசிக் கல்லு. அது மட்டும் மசமசன்னு இருக்கு மாப்ளே. ஃபோகஸ் அந்த ஓரத்துல துளி விட்டிருக்கு. இன்னொண்ணு எடுத்துட்டா முடிஞ்சுது."

"காலைலேருந்து ரெண்டு எடுத்து, உன் அளவுப்படி அவரே கலக்கிக் கழுவியாச்சு" என்றாள் அக்கா. "ரெண்டுலயும் அந்தக் கல்லு அப்படியேதான் இருக்காம். மத்த கல்லெல்லாம் எப்படிங்க இருக்கு?"

"அதெல்லாம் நல்லா இருக்கு."

"எத்தனை கல்லு?"

"நூத்துக்கணக்குல."

"அத்தனையும் தெரியுது. ஒண்ணு தெரியல. அதுக்காக ஆபீஸ் மூடறவரைக்கும் உக்காந்துட்டு இருப்பீங்க."

"ஆகச்சிறிய எழுத்து தெரியணும்னு போட்டுருக்கான். தெரியாம எப்படிக் குடுக்கறது? ஒரே ஒரு எடுப்பு. நீ போயி மாடில அந்தம்மாவ..."

அவர் முடிக்கவில்லை. அக்கா முன்னறைக்குப் போனாள். டிராயர் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் கத்தரி.

எனக்கு ஒரு விநாடி எதுவும் புரியவில்லை. மாமாவுக்கும்தான். அவள் நேராகக் குளியலறைக்குள் போனாள். வியாழக்கிழமை தொங்கவிட்ட சுருள் காய்ந்து குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, துணிக்கு அளவு பார்க்கிறதுபோலப் பார்த்து, இரண்டு பக்கமும் அந்தக் கத்தரியால் வெட்டினாள். அந்தப் பட்டை சாமானியத்தில் வெட்டுப்படாது. கறுக் கறுக்கென்று கத்தரி பல்லைக் கடித்தது.

"ஏய், அது துணிக் கத்தரி!" என்றார் மாமா. அவர் வாயிலிருந்தா அது வந்தது என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்.

"தெரியும்" என்றாள் அக்கா.

நெகட்டிவை நான் வைத்திருந்த கண்ணாடித்தாள் உறையில் போட்டாள். எதிர்ச்சுவரிலிருந்து வரைபடத்தைக் குண்டூசி குண்டூசியாகப் பிடுங்கிச் சுருட்டினாள். இனி எடுக்க நினைத்தாலும் எடுக்க எதுவும் இல்லை. "தம்பி, வாடா" என்றாள். மாமா வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அலுவலகம் மூடுகிற நேரம். கண்காணிப்பாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சலிப்போடு பையை இறக்கினார்.

"எடுத்தவர் வரலையாம்மா?"

"அவரு வரணும்னா அடுத்த வெள்ளிக்கிழமைதான் சார் வருவாரு."

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. நெகட்டிவை விளக்குமேசையில் வைத்தார், பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்துக் குனிந்தார். நகர்த்தினார். நின்றார். நகர்த்தினார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

"இந்த மேடெல்லாம் நின்னுருக்கே" என்றார், தனக்குத்தானே. "மத்தவங்க கொண்டுவந்ததுல எல்லாம் மறைஞ்சு போச்சு. எதுல கழுவினாரு?"

"நாங்களே கலக்கினதுங்க சார்" என்றேன். மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது.

"ம்." கண்ணாடி கீழ் மூலைக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. "இந்தக் கடைசிக் கல்லு..."

"சார்" என்றாள் அக்கா. "அது ஒண்ணுதான் சார். அதுக்காகத்தான் அவரு இன்னும் வீட்டுல நின்னுட்டு இருக்காரு. மூணு தடவை எடுத்துட்டாரு, அது மட்டும் வரமாட்டேங்குது."

"எப்படிம்மா வரும்?" அவர் வரைபடச் சுருளை விரித்து, அந்த மூலையைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளி, "பாருங்க" என்றார்.

அக்கா குனிந்து பார்த்தாள். பிறகு நான் பார்த்தேன். தாளிலேயே அந்த எண் மசி ஊறிப் படர்ந்து ஒரு கறுப்புக் கொழுக்கட்டையாக இருந்தது. என்ன எண் என்று கடவுளுக்கும் தெரியாது.

"எங்க அச்சுல வந்த கோளாறு. அந்தப் படர்ந்த மசியோட பிசிறுகூட இதுல அப்படியே விழுந்திருக்கு. அத வெச்சுத்தான் நான் பாக்கறது, யாரு உள்ளத உள்ளபடி எடுக்கறாங்கன்னு." நிமிர்ந்தார். "அவரு தாளப் பாக்கவே இல்லையா?"

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாலைந்து நாளாக மூன்று பேர் அந்த வீட்டில் பூதக்கண்ணாடியும் கையுமாக அலைந்தோம். நெகட்டிவைப் பார்த்தோம், சுவரைப் பார்த்தோம், மாடியைப் பார்த்தோம். தாளைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. சான்றிதழெல்லாம் எடுத்துட்டு" என்றார் கண்காணிப்பாளர், பையை மறுபடி மாட்டிக்கொண்டே. "வேலைக்குத்தான்."

வீட்டுக்கு வந்தபோது சமையலறையெல்லாம் தண்ணீர். வியாழக்கிழமை பிடுங்கிய ஃபிரிட்ஜ் பிளக்கை மாட்ட எல்லோருமே மறந்திருந்தோம். மாமா மண்டியிட்டு, ஃபிலிம் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். காய்கறிகள் அழுகட்டும் என்று அப்படியே இருந்தன.

"வேலை கெடைச்சாச்சு" என்றாள் அக்கா.

அவர் கை நின்றது. "அந்த மூலை?" என்றார்.

அக்கா சொன்னாள். அவர் கேட்டார். முகத்தில் என்னென்னவோ ஓடியது. "மசியோட பிசிறு கூட விழுந்திருக்குன்னாரா?" என்றார்.

"ஆமா."

"பிசிறு கூடவா!" அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. வேலை கிடைத்ததற்கு வராத வெளிச்சம்.

அக்கா கத்தரியை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். முனையில் நகக்கீறல்போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. "பெருமப்பட்டது போதும். கடை மூடறதுக்குள்ள சாணை புடிச்சுட்டு வாங்க. பாதிப் பள்ளிக்கூடம் சட்டையில்லாம நிக்குது."

போனார். மறுபேச்சில்லாமல் போய், சாணை பிடித்துக்கொண்டு வந்து மிஷின் மேல் வைத்தார். அக்கா ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பார்த்தாள். இழுக்காமல் ஓடியது. உட்கார்ந்து மிஷினை மிதித்தாள். காலர்கள் சரசரவென்று ஏற ஆரம்பித்தன. கீழே பேக்கரியில் ரொட்டி வாசனை எழும்பிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியிலிருந்த சட்டைகளுக்குப் பொத்தான் எண்ணிக்கொடுத்தேன்.

அப்போது உள்ளறைச் சுவரில் கேட்டது. டொக் டொக்.

நான் எட்டிப் பார்த்தேன். காலியாகிவிட்ட எதிர்ச்சுவரில், குண்டூசி பிடுங்கியதில் பூச்சு பெயர்ந்திருந்த ஓர் இடத்தைக் குறிபார்த்து, தாங்கியில் கேமரா இருந்தது. மாமா கையில் ஷட்டரை அழுத்துகிற வயர்.

மறுபடி டொக் டொக்.

அக்கா காலை எடுக்கவில்லை. மிஷின் கடகடத்தது.

"கொஞ்சம் அசையாம இரேன்!" என்றது உள்ளேயிருந்து குரல்.

"மாட்டேன்!" என்று இங்கிருந்தே கத்தினாள் அக்கா. "அசையத்தான் செய்வேன்! உங்களுக்குத்தான் திங்கக்கிழமைலேருந்து கதவு வெச்ச ரூம் இருக்குல்ல, அங்க போய்த் தட்டுங்க!"